சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய அப்பா

பாலக்கரை, திருச்சி.
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அமலராணி அத்தைக்கு,

உங்கள் தம்பி பிலோமின்ராஜின் இளைய மகள் நிவேதா எழுதிக்கொள்வது. மரியே வாழ்க. பச்சைமலையில் நீங்களும், மடத்துச் சிஸ்டர்களும், உங்கள் மருந்தகத்துக்கு வருகிற சனங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன். உண்மையில் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம். அம்மா போன் அடித்து அடித்துப் பார்த்தும் மலையில் சிக்னல் எடுக்கவில்லை, ஆகவே இந்தக் கடிதம். நீங்கள் எப்படியாவது பஸ் பிடித்து இறங்கி வந்து, அரியமங்கலத்து மாப்பிள்ளை வீட்டில் அப்பாவுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். கன்னியாஸ்திரி சொன்னால் நம்புவார்கள். இல்லாவிட்டால் யாழினி அக்காவின் கல்யாணம் நின்றுவிடும்.

சவப்பெட்டிக் கடைக்காரர் என்பதால் யாரும் நமக்குப் பெண் கொடுக்காமலோ எடுக்காமலோ இருந்ததில்லை அத்தை. தொழில் பழக்கம் கல்யாணத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் தொல்லை என்பது என் கருத்து. உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்குத் தெளிவாக இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கோயிலுக்கு பெஞ்சு செய்துகொண்டிருந்தவர், காலரா வந்த வருஷம் பங்குச் சாமியார் கேட்டாரென்று பெட்டி செய்யத் தொடங்கி, அப்புறம் பெஞ்சுக்குத் திரும்ப நேரமே கிடைக்கவில்லை. தன் மகளுக்குச் சீராக அவரே தேக்கில் ஒரு பீரோ செய்தார். கடையில் பித்தளைக் கைப்பிடிகள் மிச்சமிருந்ததால் பக்கத்துக்கு மூன்றாக அதிலும் வைத்துவிட்டார். சம்பந்தி வீட்டுத் தெருவில் அந்தக் கைப்பிடிகளைப் பிடித்து ஆறு பேர் பீரோவைத் தூக்கிப் போனபோது, எதிரே வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்களாம். பீரோ அதே கைப்பிடிகளோடு அன்றைக்கே திரும்பி வந்தது. அடுத்து தாத்தா. தன் கல்யாணத்துக்குத் தெரிந்த பேண்டு செட்டே வரட்டும் என்று கூப்பிட்டார். அவர்கள் நல்ல பாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் முன்னால் நடந்துவந்த தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் கை தானாகச் சாவுப் பாட்டுக்கு மாறிவிட்டது. கோயிலிலிருந்து வீடு வரை மொத்த ஊர்வலமும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்ததாம். பெண் வீட்டார் அழுதது வழக்கமான அழுகைதான் என்று தாத்தா கடைசிவரை நம்பினார்.

அப்பா காலத்தில் சடலத்தைக் கிடத்தி வைக்கும் குளிர்பெட்டி வந்தது. அதனால் இப்போது எல்லாச் சனங்களின் வீட்டுக்கும் போகிறார். ஸ்ரீரங்கத்தில் 'பரமபதிச்சுட்டார்' என்றும், கோட்டைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் 'மௌத்து' என்றும் அந்தந்த வீட்டுச் சொல்லைப் பார்த்துப் பேசுவார். எல்லா வீட்டுக்கும் பொதுவானது ஒன்றுதான். வேலை முடிந்தால் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது. துக்க வீட்டில் நின்று மறுபடி வருவேன் என்று யார் சொல்வார்கள்? பெட்டியை வண்டியில் ஏற்றியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவார். வருஷக் கணக்கில் இப்படியே இருந்து, இப்போது பக்கத்து வீட்டில் காபி குடித்தாலும் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறார். அம்மாதான் பின்னாலேயே நின்று, "அவரு போயிட்டு வராராம்ங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.

போன வியாழக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பாவும் நானும் மட்டும் போனோம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லேத் பட்டறை. தரகர் நம் தொழிலை 'மரவேலை, கூடவே குளிர்சாதனம்' என்று சொல்லி வைத்திருந்தார் போல. மாப்பிள்ளையின் அம்மா, தங்கள் வீட்டு ஏசி சரியாகக் குளிரவில்லை, உங்களுடையது எப்படி என்று விசாரித்தார். அப்பா பொய் சொல்ல மாட்டாரே. "நம்மளுதுல படுத்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லீங்க" என்றார். பிறகு விளக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியும் அவர்கள், அதுவும் ஒரு தொழில்தானே என்று பெருந்தன்மையாகவே இருந்தார்கள். கல்யாண ஒப்பந்தத்துக்கு நாள் பார்க்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. அப்போதுதான் அப்பா பின்பக்கம் கை கழுவப் போனார். திரும்பி வந்தார். உட்காரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கேசரித் தட்டோடு ஓடிவந்து ஏறினேன்.

மறுநாள் தரகர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சாவு வீட்லேருந்து கெளம்புற மாதிரி கெளம்பிட்டீங்களேண்ணே. அடுத்து யாரு போகப்போறாங்கன்னு அந்தம்மா வீட்ல ஒவ்வொருத்தரா மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார். அப்பா வண்டி கழுவப் போய்விட்டார். பழக்கதோஷம் என்று அம்மாதான் கெஞ்சினார். அக்காவுக்கு இது மூன்றாவது இடம். அவளுக்கு அந்தப் பையனின் போட்டோ பிடித்திருந்தது, அத்தை. இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், துணி துவைக்கிறாள். "இனிமே யாராவது வந்தா நான் அலங்காரமெல்லாம் பண்ணிக்க மாட்டேன்டி, அலுப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே நீங்கள் வந்து, அப்பா மனதில் ஒன்றுமில்லை, மூன்று தலைமுறைப் பழக்கம் அவர் காலை இழுத்துப் போய்விட்டது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மடத்துத் தாயாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஜெபத்தில் எங்களை, முக்கியமாக அக்காவை, மறக்காதீர்கள்.

கீழ்ப்படிதலுள்ள
நிவேதா, பத்தாம் வகுப்பு

பி.கு.: உறையில் போடுமுன் சரியாக இருக்கிறதா என்று அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "பழக்கமெல்லாம் இல்லம்மா, தெரிஞ்சேதான் வந்தேன்" என்றார். கை கழுவப் போன இடத்தில் ஒரு அறை வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். உள்ளே மாப்பிள்ளையின் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்து தண்ணீர் கேட்டாராம். விருந்தாளிகள் போகிற வரைக்கும் அவர் சத்தம் கேட்கக் கூடாது என்று மாப்பிள்ளைதான் பூட்டி வைத்தார் என்று அந்தத் தாத்தாவே சொன்னாராம். அப்பா திறந்து தண்ணீர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "உசுரோட இருக்கறவரைப் பூட்டி வச்சிருக்காங்க. அந்த வீட்டுக்குத் திரும்பி வரேன்னு எப்படிம்மா சொல்லுவேன்? அக்காவுக்குப் பையனைப் பிடிச்சிருந்துச்சு, அதான் வாயைத் திறக்கல" என்றார். அக்கா சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "தாத்தா தண்ணி குடிச்சாராப்பா?" "ஒரு சொம்பு முழுசா" என்றார் அப்பா.

ஆகவே அத்தை, நீங்கள் அரியமங்கலத்துக்கு அவசியம் வர வேண்டும். அந்தத் தாத்தாவைப் பார்க்க. மருந்துப் பெட்டியோடு வரச் சொன்னாள் அக்கா. அவளும் உங்களோடு வருகிறாளாம். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாமாம்.