சாணி மெழுகிய சோதனைக் குழி

மாப்பிள்ளையாகப் போகிறவன், பெண் வீட்டு இடத்துக்கு மண் பரிசோதனை செய்யப் போகவே கூடாது. மண் உண்மையைச் சொல்லிவிடும். இவன் சொல்ல மாட்டான். தொண்ணூறுகளின் நடுவில் நான் போனேன். கோவையில் ஒரு மண் பரிசோதனை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிந்த காலம். (அதில் ஒன்று எழுதாது.)

ஜாதகம் பொருந்திவிட்டது. சுமதியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாதான் பிடிகொடுக்காமல் இருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் மூடிக்கிடந்த ஓர் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியின் இடத்தை வாங்கி, வரிசையாக வீடு கட்டப் போகிறார். "தம்பி ஒருக்கா வந்து மண்ணப் பாத்துச் சொல்லிப்போடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். பையன் வேலை தெரிந்தவனா, வெறும் வாய்ச்சொல் வீரனா என்று பார்க்கிறாராம். எனக்கா புரியாது?

"ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டி வெச்சிருங்க மாமா. குழிச் செவுத்து மண்ண ஒரு பார்வை பாத்தாப் போதும், எடத்தோட ஜாதகமே சொல்லிருவேன்" என்று அளந்துவிட்டு வந்தேன்.

சொன்ன நாளில் வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ சகிதம் போய் இறங்கினேன். இட்லியும் வெல்லக் கச்சாயமும் மூச்சு முட்டத் தின்ன வைத்து, குழிக்குக் கூட்டிப்போனார்கள். எட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! நாலு பக்கமும் வழவழவென்று சாணி மெழுகி, அடியில் கோலம் போட்டு, உட்கார ஒரு மணையும் போட்டிருந்தது.

"மொத மொதலா நம்ம எடத்துக்கு வாரீங்க. சட்டை அழுக்காயிரக் கூடாதுன்னு நாந்தானுங்க மெழுகச் சொன்னேன்" என்றார் சுமதியின் அம்மா, முகமெல்லாம் பூரிப்பாக.

பார்க்க வேண்டிய மண்ணையே மூடிவிட்டீர்களே அத்தை என்று எப்படிச் சொல்வது? நாலு இடத்தில் சுரண்டியிருந்தால் போதும். ஆனால், அந்த அம்மாவின் கண்ணெதிரே அவர் மெழுகலைச் சுரண்டுகிற தைரியம் எனக்கு இல்லை. பின்னால் சுமதி வேறு நிற்கிறாள். இறங்கி மணையில் உட்கார்ந்தேன். சாணியைத் தட்டினேன், மோந்தும் பார்த்தேன். (சாணி வாசம்தான் வந்தது.) மேலே ஏறி, "ஃபர்ஸ்ட் கிளாஸ் பூமிங்க மாமா. மாடி மேல மாடி போடலாம்!" என்றேன்.

"பழைய ஃபவுண்டரி எடமாச்சுங்களே தம்பி, நெசமாத்தானுங்களா?" என்று இழுத்தார்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். "பாருங்க!" என்று குழியின் ஓரத்திலேயே ஒரு குதி குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சுமதி பார்க்கிறாளே என்று இன்னொன்று குதித்தேன். கரை அப்படியே பொலபொலவென்று சரிந்து, என்னையும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மெழுகலுக்குப் பின்னால் இருந்தது பூமியே இல்லை. இரும்பு வார்த்துக் கழித்த கருகிய மணல்! வருஷக்கணக்காகப் பள்ளத்தில் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். குழி வெட்டிய ஆட்கள் அதைக் கரிசல் மண் என்றே நினைத்துவிட்டார்களாம். இடுப்புவரை புதைந்து, கரிச்சட்டி மாதிரி நின்றேன்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி.

"ஏனுங்க, அடிகிடி பட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க அத்தை."

"அப்ப மோர் குடிக்கறீங்களா?"

வேண்டாமென்றால் தப்பாக நினைப்பார்களே! புதைந்த வாக்கிலேயே வாங்கிக் குடித்தேன்.

மாமா மட்டும் குத்தவைத்து அந்த மணலை ஒரு கை அள்ளினார். விரலிடுக்கில் அது ஓடியதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போனது. "இதும்மேலயா தம்பி மாடி போடச் சொன்னீங்க?"

"சாணி பூசுனதுல மண்ணே தெரியலீங்க மாமா. சொன்னா அத்தை சங்கடப்படுவாங்கன்னு..." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கயிறு போட்டுத் தூக்கினார்கள். ஷூ ஒன்று உள்ளேயே போய்விட்டது. கல்யாணமும் அதோடு போயிற்று என்று ஒற்றைக்கால் ஷூவோடு பஸ் ஏறினேன்.

மாமா அனுபவப்பட்ட வேறு ஆளை வைத்து ஆழமாகத் துளை போட்டுப் பார்த்தார். அந்த மணலை முழுக்க வாரிக் கொட்டிவிட்டு, கெட்டித் தரை வந்த பிறகுதான் அஸ்திவாரம் போட்டார். வீடுகளில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. என் விஷயத்தில்தான் ரொம்ப யோசித்தாராம். சுமதிதான், "பொய் சொன்னா அந்த எடத்துலயே மாட்டிக்கற ஆளுங்கப்பா. கட்டிட்டுப் பொழைக்க இதவிட என்ன வேணுமுங்க?" என்றாளாம்.

இன்றும் குழம்பு எப்படி என்று அவள் கேட்டு, நான் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றால் போதும். "எங்க, எந்திரிச்சு ஒரு குதி குதிச்சுச் சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். நான் குதிக்க இடம்விட்டு, மகள் என் நாற்காலியையே பின்னால் இழுத்துவிடுவாள்.

உப்புக் கம்மி என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுவேன்.