கரடிக்கு ஆறு கால்

“கரடிக்கு எப்ப சார் ஆறு கால் ஆச்சு?” என்று காவலாளி கேட்ட பிறகுதான் காப்பாட்சியர் பலகையைப் படித்தார். படித்ததும் தம் இரண்டு காலில் எதிர்ப்பக்கப் பலகைக்கு ஓடினார்.

பாடம் செய்த கரடி நின்ற பெரிய மேடையில், ‘வகுப்பு: பூச்சி. கால்கள்: ஆறு. வாழிடம்: மட்கிய மரக்கட்டை. நிலை: இந்த வட்டாரத்தில் அடியோடு அழிந்துவிட்டது, கடைசியாகப் பார்த்தது முப்பது வருடம் முன்பு’ என்றிருந்தது. எதிரே கண்ணாடிப் பெட்டியில் இருந்த கொம்பு வண்டோ, பலகைப்படி நூறு கிலோ எடையுள்ள பாலூட்டி.

மாற்றி ஒட்டிய மகானுபாவர் வேறு யாருமில்லை, அவரேதான். இன்னும் அரைமணியில் மேலதிகாரி அம்மா வருகிறார். அருங்காட்சியகத்தின் இந்தக் கூடம் இருப்பதா, கிடங்காவதா என்று இன்று முடிவாகும். இருபத்திரண்டு வருடம் இதுவே கதி என்று கிடந்த மனிதர் ஒரு கத்தியைத் தேடி எடுத்தார்.

பலகையை நெம்பினார். கத்தி முறிந்தது, பசை அசையவில்லை.

“பலகை வரலேன்னா போகட்டும்யா. கரடிய அங்க வை, வண்ட இங்க வை!”

“சார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிக்கறதுக்கு நேரம் இருந்தா நான் ஏன்யா இப்படிச் சொல்றேன்? தூக்கு!”

தூக்கினார்கள். திரும்பும்போது கரடியின் கை கண்ணாடிப் பெட்டியில் இடித்தது. பெட்டி கவிழ்ந்தது, மூடி ஒரு பக்கம் போனது, வண்டைக் காணோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இருவரும் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“என்ன தேடுறீங்க?” என்றார் அதிகாரி அம்மா. பிறகு வெறும் மேடையையும் பலகையையும் பார்த்தார். “வண்டு எங்க?”

காப்பாட்சியர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வாய் தானாகப் பேசியது.

“இல்லை மேடம். அதான் காட்சியே. அழிஞ்சுபோன உயிருக்கு ஒரு காலி மேடை. இவ்வளவு பெரிய இடம் இருந்தும் நிக்கறதுக்கு அது இல்லை.”

அந்த அம்மாள் பலகையை இன்னொரு முறை படித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“முப்பது வருஷம்! ஒண்ணுகூட இல்லாமப் போச்சே... இந்தக் கூடத்தை நான் மூட விடமாட்டேன்.”

காப்பாட்சியருக்குத் தலைகால் புரியவில்லை. கரடியைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. காவலாளி அதற்குள் ஆடியே விட்டான்.

சத்தம் கேட்டு, கூடத்தைப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த பெட்டி கண்ணில் பட்டது.

“ஓடிருச்சா? விடுங்கய்யா, அந்தப் பாடம் பண்ணின வண்டு என் கைபட்டு உதிர்ந்தே ரெண்டு வருஷமாச்சு. பின்பக்கம் மக்கின கட்டையில நூறு குடும்பம் நடத்துதுங்க, அதுலேருந்து உயிரோட ஒண்ணப் பிடிச்சுத்தான் தினம் காலையில வச்சிட்டிருக்கேன்!”