கீழ்க்கதிரை பாஸும் வராத இஞ்சினியரும்

கண்டியைச் சுற்றியிருக்கும் மலைச்சரிவுகளில் வீடு கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தான் கட்டியதற்கு அடியிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, நிம்மதியாகப் பிளேன்டீ குடித்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். பிலிமத்தலாவையிலிருந்து கடுகண்ணாவை வரை அவரை எல்லாரும் கீழ்க்கதிரை பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கொத்து வேலை, தச்சு வேலை செய்கிற எல்லாருமே பாஸ்தான். இவருடைய வேலை பல்கனி. எங்கள் வீடுகளில் முன்வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும். பின்கதவைத் திறந்தால் பத்தடிப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் தூண் நிறுத்தி, மேலே சட்டம் போட்டு, பலகை அடித்து, நாலு பேர் உட்கார்ந்து மலையைப் பார்க்க ஓர் இடம் செய்து கொடுப்பார்.

வேலை முடிந்தது என்று அவர் வாயால் சொல்லும்வரை வீட்டுக்காரர் அதில் ஒரு துண்டுகூடக் காயப்போட முடியாது. முதலில் பரீட்சை நடக்க வேண்டும். பாஸ் தெருவில் இறங்கி அகப்பட்டவர்களையெல்லாம் கூட்டி வருவார். "குண்டா இருக்கிறவங்க நடுவுல நில்லுங்க, மத்தவங்க ஓரமா!" என்று கூச்சநாச்சம் இல்லாமல் ஆட்களைப் பிரிப்பார். பிறகு தன்னுடைய மரக்கதிரையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, பல்கனிக்கு நேர்கீழே உட்கார்ந்து, கையில் பிளேன்டீயுடன் சத்தம் போடுவார்: "ம், குதிங்க!"

இருபது பேர் குதிப்பார்கள். பலகைத் தூளெல்லாம் பாஸின் கோப்பையில் விழும். அவர் அதையும் சேர்த்துக் குடித்து முடித்து மேலே ஏறி வந்தால்தான் பல்கனி பாஸானது என்று அர்த்தம்.

ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு கத்தோலிக்க வீட்டுப் பல்கனியை மந்திரிக்க ஃபாதர் வந்திருந்தார். பாஸ் அவரையும் விடவில்லை.

"ஃபாதர், நீங்களும் ஏறிக் குதிங்க."

"நான் ஆசீர்வதிக்க வந்தேன் பாஸ்."

"அது பலகைக்குப் போதும் ஃபாதர். தூணுக்குக் குதிச்சாத்தான் தெரியும்."

ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்பேர்ப்பட்டவரை என் மூத்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் அழைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் மாத்தளையிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். எங்கள் ஹோலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் அலுமாரிக்குள்தான் போக வேண்டும். நல்ல சம்பந்தம், நாலு பேர் முன்னால் மதிப்பாக நடக்க வேண்டும் என்று என் மனைவிக்கும் எனக்கும் ஒரே பதற்றம்.

பாஸ் வந்தார். பின்சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"சேர், இந்தச் சுவர நம்பி ஒரு சட்டம்கூட மாட்ட முடியாது. பழைய வீடு. செங்கலுக்கு நடுவுல இருக்கிறது வெறும் களிமண்ணு. இதுல போல்ட் அடிச்சா பிட்டுல ஈர்க்கு குத்தின மாதிரித்தான்."

"அப்ப என்ன செய்றது பாஸ்?"

"பல்கனி தன் கால்லயே நிக்கட்டும். நாலு இரும்புத் தூண். வெளிப்பக்கம் ரெண்டு, சுவரோரமா ரெண்டு. சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு விரல் எடவெளி. சுவரு தன் பாட்டுல இருக்கட்டும், பல்கனி தன் பாட்டுல இருக்கட்டும்."

அலவாங்கை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தார். மண் போய்ப் பாறை வரும்வரை தோண்டினார். பாறை வந்த பிறகும் அது நிஜப் பாறைதானா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் தோண்டினார். ஒன்றரை மாதம் ஓடியது. பரீட்சை மட்டும் பாக்கி இருக்கும்போது நாவலப்பிட்டியில் தங்கையின் புருஷன் இறந்துபோனதாகச் செய்தி வந்து, பாஸ் கிளம்பிப் போனார். "நான் வர்ற வரைக்கும் யாரும் ஏற வேணாம்," என்று வாசலில் நின்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரத்தில்தான் எங்களுக்குப் புத்தி கெட்டது. பல்கனிக்குக் கீழேதான் நான் கார் நிறுத்துகிற இடம். பின்பக்கத்துச் சின்ன ஒழுங்கைப் பாதை வழியாகக் காரை உள்ளே கொண்டுவரலாம். சுவரோரத்து இரண்டு தூண்களும் காரின் கதவைத் திறக்கவிடவில்லை. நான் பக்கத்து ஆசனத்துக்குத் தாவி, மறுபக்கக் கதவால் இறங்க வேண்டியிருந்தது. மேலே என் மனைவிக்கு அந்த இரண்டு விரல் இடைவெளி கண்ணை உறுத்தியது.

"தட்டு மாத்துற நேரம் மோதிரம் அதுக்குள்ள விழுந்தா யாருங்க இறங்கி எடுக்கிறது?" என்றாள்.

ஒரு வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். சுவரோரத்துத் தூண் இரண்டையும் அறுத்து எடுத்தார். சட்டத்தைச் சுவரோடு ஒட்டி எட்டுப் போல்ட் அடித்தார். ஒரே நாளில் எல்லாம் அழகாகிவிட்டது. நான் காரிலிருந்து மகாராஜா மாதிரி இறங்கினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பாஸ் திரும்பி வந்தார். கீழே இறங்கி, தூண் இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார்.

"யாரு சேர் இதக் கழட்டச் சொன்னது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்குப் புரண்டுவிட்டது.

"ஒரு இஞ்சினியர் வந்து பாத்தாரு பாஸ். அவருதான் தேவையில்லன்னு சொன்னாரு."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பாஸ். இஞ்சினியர் என்ற சொல்லைக் கேட்டாலே உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுவார். நின்றுகொண்டிருந்ததால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் நான் கீழ உக்காந்து பாத்திர்றேன் சேர். ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன்."

"நேரமில்ல பாஸ். பெயின்ட் இன்னும் காயல. நாளைக்குக் காலையில ஆளுங்க வர்றாங்க," என்று அனுப்பிவிட்டேன். விசேஷத்துக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தால் சம்பந்தி வீட்டாரைக் குதிக்கச் சொல்லிவிடுவார் என்று பயம்.

மறுநாள் பல்கனி நிறைய ஆட்கள். தாம்பூலத்தட்டு மாற்றப் போகிற நேரம், அடியிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது.

"கீழ என்னங்க சத்தம்?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"தண்ணிக் குழாய் வேல நடக்குதுங்க," என்று என் மனைவி கூசாமல் சொன்னாள். எங்கள் வீட்டில் பொய் சொல்வதில் நான் தனி ஆள் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பாஸ் இரண்டு யூக்கலிப்டஸ் கட்டைகளைக் கொண்டுவந்து, சுவரோரத்தில் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த மரக்கதிரை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழைக்காத ஆத்திரத்தில் மானத்தை வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மேலே இருந்தவர்களுக்குக் கேட்காமல், குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாஸ், ஒங்களுக்குக் கொஞ்சமாவது மரியாத தெரியுமா? புள்ளையோட விசேஷம் முடியிற வரைக்குமாவது ஒழிஞ்சு போங்களேன்!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "தட்டு மாத்துங்க சேர். முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா உள்ள சாப்பிடக் கூப்பிடுங்க. அவசரம் வேணாம்."

தட்டு மாற்றினோம். உடனே கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். பல்கனி ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. மாமாவின் வேட்டியில் பாயாசம் கவிழ்ந்தது. "நல்ல சகுனம்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு போட்டோ எடுத்தோம். சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கால் மணி நேரம் கழித்து, பாஸை இரண்டு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கீழே இறங்கினேன்.

சுவரிலிருந்து போல்ட்டுகள் செங்கலோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. சட்டம் முழுப் பாரத்தோடு முட்டுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாஸின் வலது கை. கட்டை நழுவாமல் அதைத் தோளால் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஐயோ பாஸ்! ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

"சத்தம் போட்டா எல்லாரும் ஒரே நேரத்தில இந்தப் பக்கம் வந்து எட்டிப் பாப்பாங்க சேர். அம்புட்டுப் பாரமும் இங்க வந்திருக்கும்," என்றார். "தட்டு மாத்தியாச்சா?"

சட்டத்தைத் தூக்கிக் கையை விடுவித்துக் கொண்டுபோனோம். கண்டி ஆஸ்பத்திரியில் நசுங்கிய எலும்புகளை ஒட்டவைத்தார்கள். மூன்று விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "இஞ்சினியர் சேர் மேல கோவிச்சுக்காதீங்க. அவரு தட்டிப் பாத்திருக்க மாட்டாரு."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், பக்கத்துக் கட்டில்காரர் இருந்தார் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பாஸ் வேலையை விட்டு, நாவலப்பிட்டியில் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நான் போய்ப் பார்க்கிறேன். அந்தக் காரில் போக மனசு வராது; ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன்.

உட்கார்ந்ததுமே கேட்பார்: "இஞ்சினியர் சேர் சொகமா இருக்காரா?"

ஒரு தடவை, கொழும்புக்கு மாற்றலாகிவிட்டார் என்றேன். அடுத்த தடவை, கல்யாணம் கட்டிவிட்டார் என்றேன். இப்போது அந்த மனிதருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆஸ்துமாகூட இருக்கிறது. பாஸ் அதற்குக் கைவைத்தியம் வேறு சொல்லி அனுப்பினார்.

போன மாதம் போனபோது இடது கையால் ஒரு பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இது இஞ்சினியர் சேருக்கு. பாவம், அவரு மனசு அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். நான் ஒண்ணும் மனசுல வைக்கலன்னு சொல்லுங்க சேர்."

அந்தப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் அதை வெட்ட எங்களுக்குக் கை வரவில்லை. அது கனிந்து, வீடெல்லாம் மணத்து, கடைசியில் அழுகியே போனது. சாப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பாஸ், அப்படி ஒரு இஞ்சினியர் பிறக்கவே இல்லை. தூணைக் கழற்றச் சொன்னவன் நான். இதை எழுதி அனுப்பி, உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் பேசக்கூட வேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.