கொழுந்தனார் வைத்த ரகசிய வார்த்தை

வெளிநாடு போன நம் ஆட்களில் ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. மற்றவர்களைப் போலத்தான் குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைப்பார்கள், முருங்கைக்காய் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவார்கள். ஆனால் ஊரிலிருந்து யாராவது வாய் தவறி, "போனு கொஞ்சம் சூடாவுது" என்று சொல்லிவிட்டால் போதும், இனம் வெளிப்பட்டுவிடும். முதுகு நிமிரும். குரல் கனக்கும். "முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்குங்க" என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் புரிந்துகொள்ளும்வரை விடமாட்டார்கள். புரிந்துகொண்ட பிறகும் விடமாட்டார்கள்.

ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி மண்சாலை பிரியும் ஒரு சிற்றூரில், சாமையும் புளியுமாகப் பிழைப்பு நடத்தும் ரங்கன் குடும்பத்துக்கு இந்த இனத்தில் உயர்ந்த ரகம் ஒன்று வாய்த்திருந்தது. ரங்கனின் தம்பி தமிழ்மணி. நெதர்லாந்தில் ஒரு பெரிய கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணினிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் அண்ணியைப் பார்த்துக்கொண்டார். அதாவது, அண்ணி மங்கம்மாளின் கைபேசியை. வீட்டில் பெரிய போன் மங்கம்மாளிடம்தான் இருந்தது. ரங்கன் வைத்திருந்தது பொத்தான் போன். அதற்கு யோசனை சொல்ல உலகத்தில் யாரிடமும் ஒன்றும் இல்லை. கொடுத்துவைத்த மனிதர்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஆகாயத்தின் கோடியில் கிடக்கும் நட்சத்திரத்தைப் பார்க்கிற தொலைநோக்கி பக்கத்திலேயே, காவலூரில் இருக்கிறது. அடுத்த ஊர்க்காரரிடம் பேசத்தான் கொல்லைக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். அந்தப் பாறைமேல் நின்று மங்கம்மாள் பெற்ற கல்வி கொஞ்சமா? பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போடக்கூடாது, இருபது சதவீதத்துக்குக் கீழே போகவிடக்கூடாது, எண்பதுக்கு மேலே ஏறவிடக்கூடாது (மலையில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்சாரத்துக்கே தெரியாது), பின்னணியை இருட்டாக்கினால் கண்ணுக்கு நல்லது, பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கக்கூடாது, வேறு எதை வைத்தாலும் எழுதிவைக்கக்கூடாது, எழுதிவைக்காவிட்டால் மறக்கக்கூடாது. கேமரா வழியாக யாரோ பார்க்கக்கூடும், மூடிவையுங்கள் என்றார். மங்கம்மாள் மூடிவைத்தார், ஒரு ஸ்டிக்கர் பொட்டால். அதற்கப்புறம் வீடியோவில் தமிழ்மணி அழைக்கும்போதெல்லாம் அண்ணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருஞ்சிவப்பு இருட்டு தெரிந்தது. அந்த இருட்டிடமும் சளைக்காமல் யோசனை சொன்னார்.

ஒருநாள் அழைத்து, "அண்ணி, உங்க ஊர்ல மழை பெய்யுது" என்றார்.

"ஆமா தம்பி, நனைஞ்சிகினுதான் பேசறேன்."

"ஆப்ல பாத்தேன். துல்லியமா காட்டுது."

இப்படிப் போய்க்கொண்டிருந்த கல்வி, ரங்கனின் மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் உச்சத்தைத் தொட்டது. கல்யாண வீட்டைக் குறிவைத்துத்தான் மோசடிக்காரர்கள் வருவார்களாம். இப்போதெல்லாம் ஆளின் குரலையே யந்திரம் பேசுமாம். "நாளைக்கே என் கொரல்ல ஒருத்தன் பேசுவான், அண்ணி. போன் தொலைஞ்சி போச்சின்னுதான் ஆரம்பிப்பான். அவசரம்பான். அழுவான். பழைய கதையெல்லாம் சொல்லுவான். உங்களுக்குப் பாசம் வரும். பாசம் வந்தா ஏமாந்துடுவீங்க. உடனே இன்னொருத்தன் வாங்கிப் பேசுவான், நான் கடைக்காரன், நான் போலீஸ்காரன்னு. நம்பவே கூடாது." இதற்குப் பரிகாரமாகக் குடும்பத்துக்கென்று ஒரு ரகசிய வார்த்தையை அவரே உண்டாக்கி அனுப்பினார். வெந்தயம் ஒட்டகம் குடை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்கக்கூடாதாம், அதில்தான் பலமாம். வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். ரங்கன் ஏர் ஓட்டும்போதுகூட முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மட்டும் தமிழ்மணியால் வர முடியவில்லை. லீவு இல்லை என்றார். கோகிலவாணி ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா இல்லாம இன்னா கல்யாணம்" என்றாள். சின்ன வயதில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மலை முழுக்கச் சுற்றியவர் அவர். அப்போது அவரிடம் போன் இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம். பந்தல் போட்டாகிவிட்டது, சமையல் பாத்திரம் வந்தபாடில்லை. பாத்திரக்காரர் தேவராஜின் வேன் ஒடுகத்தூரிலிருந்து ஏற வேண்டும். கேட்டுவிடலாம் என்று மங்கம்மாள் பாறைமேல் ஏறினார். ஏறி மூச்சு வாங்கும்போதே போன் அடித்தது. தெரியாத எண். தெரியாத எண்ணை எடுக்கக்கூடாது என்பது பாடம். தேவராஜின் டிரைவராக இருந்தால்? எடுத்துவிட்டார்.

"அண்ணி, நான்தான் மணி. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். வேலூர் பஸ்ல போனு தொலைஞ்சி போச்சி. யாராச்சும் வண்டிய எடுத்துகினு வரச் சொல்லுங்க."

மங்கம்மாள் போனை ஒருமுறை தள்ளிவைத்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே குரல். அச்சு அசலாக அதே முதல் வரி.

"மணி வெளிநாட்டுல இருக்குது. லீவு இல்லன்னு சொல்லிச்சு."

"சும்மா சொன்னேன் அண்ணி. கோகிலாவுக்குத் தெரியாம வந்து நிக்கலாம்னு."

"அப்போ அந்த வார்த்தைய சொல்லு."

எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஒட்டகம்" என்றது குரல். "ஒட்டகம் வரும், அண்ணி. அப்பால குடை."

"ஒட்டகத்துக்கு முன்னாடி?"

"சீரகம்."

மங்கம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றில் இரண்டு சரி. எவ்வளவு தூரம் உள்ளே புகுந்திருக்கிறான் பாருங்கள்.

"அண்ணி, அது என் போன்ல இருக்குது. நான் எதையும் மனசுல வெச்சிக்கறதில்ல, எல்லாம் போன்தான் பாத்துக்கும். உங்க நம்பரே பெட்டியில ஒட்டின சீட்டப் பாத்துதான் அடிச்சேன். போனுதான் இல்லையே இப்ப. அண்ணி, நான் புளியமரத்துல இருந்து விழுந்து கை ஒடஞ்சப்ப நீங்கதானே எனக்கு ஊட்டி வுட்டீங்க..."

மங்கம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில் நடந்தது அது. கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து களி வாங்கித் தின்ற பையனின் முகம் அப்படியே வந்து நின்றது. பாசம் வந்துவிட்டது. பாசம் வந்தால் ஏமாறுவோம். தவிரவும் அந்தக் கதையைத்தான் போன தீபாவளிக்குத் தமிழ்மணியே படத்தோடு ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிப் போட்டிருந்தாரே.

இதற்குள் வேறொருவர் போனை வாங்கினார். "அம்மா, என் பேரு ஜப்பார். இங்க செருப்புக் கடை வெச்சிருக்கேன். இது என் போன்தான். பையன் நல்லவனாத்தான் தெரியறான், மூஞ்செல்லாம் வாடிப்போய் இருக்குது..."

ரெண்டாவது ஆள். மங்கம்மாள் இணைப்பைத் துண்டித்தார். இனி அழைக்க முடியாதபடி எண்ணைத் தடுப்பில் போட்டார். எப்படிப் போடுவது என்று கொழுந்தனார் வீடியோவாகவே அனுப்பியிருந்தார். குடும்பக் குழுவில் எச்சரித்தார். எல்லாச் சொந்தக்காரர்களும் ஜப்பாரின் எண்ணை ஆளாளுக்குத் தடுப்பில் போட்டார்கள். கடைசியாகத் தமிழ்மணிக்கே ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "தம்பி, நீ சொன்னாப்லயே ஒருத்தன் பேசுனான். உன் கொரலுதான். நான் ஏமாறல. நீ ஜாக்கிரதையா இரு."

வீட்டுக்கு இறங்கி வந்து ரங்கனிடம் சொன்னார். வாழைமரத்தைக் கட்டிக்கொண்டிருந்த ரங்கன் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டார்.

"கொரலு எப்படி இருந்துச்சி?"

"மணி கொரலேதான்."

"அப்போ மணியா இருந்தா?"

"மணி கொரலு மாதிரியே இருந்தா அது மணி இல்லன்னு மணிதான் சொல்லிச்சு."

ரங்கன் அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். எங்கேயோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை. மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டார்.

ஆனால் மங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "அழுவுற மாதிரி பேசுனான்டி" என்று மகளிடம் சொன்னார்.

"சித்தப்பா அழுவாதும்மா" என்றாள் கோகிலவாணி, மருதாணிக் கையைக் காயவைத்துக்கொண்டு. "அட்வைஸ் பண்ணும்."

பொழுது சாயும் நேரத்தில் தேவராஜின் வேன் முனகிக்கொண்டு மேலேறி வந்து நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். அண்டா, குண்டான், அன்னக்கூடை, அவற்றுக்கு நடுவே பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, ஒரு கன்னம் முழுக்கக் கரியோடு, தமிழ்மணி.

எந்தக் கல்யாணம், எந்த ஊர் என்று ஜப்பார் நிதானமாக விசாரித்திருக்கிறார். "அட, தேவராஜ் வண்டி அங்கதானே போவுது" என்று டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார். இணையம் இல்லாமல், ரகசிய வார்த்தை இல்லாமல், வெறும் வாயால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

மங்கம்மாள் அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடல் தாண்டி வந்த பிள்ளையை நல்ல காரியத்துக்கு முதல்நாள் நடுத்தெருவில் விட்டோமே என்று கண்ணீர் கொட்டியது. "தம்பி, நான் பாவி. உன் கொரலு தெரிஞ்சும் வெச்சிட்டேன். தப்பா எடுத்துக்காத சாமி" என்றார். சுற்றி நின்றவர்கள் தமிழ்மணியின் முகத்தைப் பார்த்தார்கள். கோபப்படுவாரா? அழுவாரா? திரும்பிப் போய்விடுவாரா?

தமிழ்மணியின் முகம் மலர்ந்தது.

"அண்ணி, இன்னா இது, நீங்க பண்ணதுதான் கரெக்டு. இவ்ளோ கறாரா எங்க ஆபீஸ்லயே கேக்க மாட்டாங்க. பாத்தீங்களா, நான் சொன்ன முறை எப்படி வேல செய்யுது?"

மங்கம்மாளின் கண்ணீர் நின்றுவிட்டது. இனிமேல் வராது என்கிற மாதிரி நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அண்டாவை இறக்கச் சொல்லப் போனார். ரங்கன் தம்பியின் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வெந்தயம்டா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கல்யாணம் நன்றாக நடந்தது. அன்று முழுக்கத் தமிழ்மணியிடம் போன் இல்லை. அதனால் அவர் தண்ணீர் சுமந்தார், இலை போட்டார், சம்பந்தி வீட்டுக் கிழவருக்குக் கையைப் பிடித்து இடம் காட்டினார், கோகிலவாணியைக் கேலி செய்து மணையிலேயே சிரிக்கவைத்தார். யாருக்கும் எதையும் விளக்கவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையா என்று ஊரே பேசிக்கொண்டது. அந்தப் போன் கிடைக்கவே கூடாது என்று மங்கம்மாள் மனசுக்குள் குலதெய்வத்துக்கு ஒரு கோழி வேண்டிக்கொண்டார்.

கிடைக்கவில்லை. ஆனால் வேலூரில் கடைகள் இருக்கின்றனவே. புதுப் போன் வாங்கிய கையோடு குடும்பக் குழுவில் வீடியோ வந்து விழுந்தது: "போன் தொலைந்தால் உடனே செய்ய வேண்டியவை." அதில் ஒரு உண்மைச் சம்பவமும் இருந்தது. பயிற்சி கொடுத்தவரின் தொலைநோக்குதான் அதில் பெரிதாகத் தெரிந்தது. ஜப்பாரின் பன் அதில் இல்லை. ஜப்பாரும் இல்லை.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு மங்கம்மாள் ஒரு பையில் சாமையும் புளியும் எடுத்துக்கொண்டு ஒடுகத்தூருக்கு பஸ் ஏறினார். செருப்புக் கடையைக் கண்டுபிடித்துப் பையை நீட்டினார்.

"பாய், அன்னிக்கு நாந்தான் போனை வெச்சிட்டேன். உங்களத் திருடன்னு வேற எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

ஜப்பார் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. எனக்கும் துபாய்ல ஒரு மச்சான் இருக்கான்." மேலே மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கேமரா சின்னதாகச் சிவப்பு விளக்கோடு பார்த்துக்கொண்டிருந்தது. "அவன் சொல்லித்தான் வெச்சேன். கடையில யாரு வர்றா, யாரு போறான்னு அவனுக்கு அங்க தெரியும். எனக்குப் பாக்கத் தெரியாது. இப்ப பாருங்க, போன் பண்ணுவான், யாரு அந்தம்மான்னு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

இந்நேரம் உங்களுக்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். சிங்கப்பூர் மைத்துனரோ, டொரண்டோவில் இருக்கும் பெரியப்பா மகனோ. இதை அவருக்கு அனுப்பினால் என்ன என்று விரல் அரிக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாகத் தேடி எடுத்துப் படித்ததா? இல்லை, ஊரிலிருந்து யாராவது, கூட ஒரு வார்த்தையும் எழுதாமல், சும்மா அனுப்பி வைத்தார்களா?