மிளகாய்க் கிட்டங்கியில் ஒரு முகூர்த்தம்

ஐம்பதுகளில் சிராங்கூன் சாலையில் நடந்த கல்யாணங்களில் நான் முதல் பந்தியில் உட்காராத கல்யாணம் ஒன்றுகூடக் கிடையாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். சிலவற்றில் இரண்டாம் பந்தியும் உண்டு. அத்தனை இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கண்டறிந்த ஓர் இனத்தைத்தான் இப்போது உங்கள் முன் நிறுத்தப் போகிறேன். அதன் பெயர் 'நானாயிருந்தால்' ஆசாமி.

அடையாளம் சுலபம். பந்தியில் எல்லோரும் சோற்றைப் பிசையும்போது அவர் மட்டும் வடையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி, நீதிபதி சாட்சி கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவார். பந்தல், ஜமக்காளம், வாடகை நாற்காலி, பரிமாறுபவரின் வேட்டிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தபின், பக்கத்து இலைக்காரர் பக்கம் சாய்ந்து, "குறையாச் சொல்லல லா..." என்பார். குறை சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "நானா இருந்தா..." என்று முடிப்பார். முடிப்பாரா? அங்கேதான் தொடங்குவார்.

இந்த இனத்தில் பெரும்பாலோர் வெற்றிலை போட்டதும் அடங்கிவிடுவார்கள். சேதுபதி அடங்கவில்லை. மண்டபம் திறந்தார்.

அவருக்கு ஒரு துணிக்கடை இருந்தது. பாக்கியலட்சுமி என்று ஒரு மனைவி இருந்தாள். அவளுக்குக் கோவிந்தசாமி என்று ஓர் அண்ணன். அந்த அண்ணன், பள்ளிக்கூடக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து மூத்த மகளின் கல்யாணத்தை நடத்தியபோது, சேதுபதி சாம்பாரில் தொடங்கிச் சம்பந்தியின் தலைப்பாகை வரைக்கும் ஒன்றையும் விடாமல் 'நானாயிருந்து' தீர்த்தார். அது கோவிந்தசாமியின் காதில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு வந்த தீபாவளி ஒன்றுக்கும் பாக்கியலட்சுமி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். சேதுபதி, கடையைத் தம்பி கையில் தள்ளிவிட்டு, தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் வற்றல் வியாபாரி காதர் மைதீன் காலி செய்த மிளகாய்க் கிட்டங்கியைப் பிடித்தார். கல்யாணம் எப்படி நடத்துவது என்று ஊருக்குக் காட்டுவாராம். மூட்டை மூட்டையாக வற்றல் உறங்கிய அந்தச் சரக்குக் கிடங்கின் சுவருக்கு ரோஸ் வர்ணம் பூசினார். மணவறைக்குப் பின்னால் கலர் பல்பில் தோகை விரிக்கும் மரமயில் ஒன்றை நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் மகுடமாக, மூடிப்போன நடன அரங்கு ஒன்றிலிருந்து நான்கு ராட்சத மின்விசிறிகளைக் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொன்றையும் ஆகாய விமானத்தில் பொருத்தலாம். சின்ன விமானத்தில்.

"உத்தரத்த ஒருதடவ கழுவிவிடச் சொல்லுங்க," என்றாள் பாக்கியலட்சுமி. "மேல செவசெவன்னு அப்பிக் கெடக்கு."

"கல்யாணத்துக்கு வர்றவன் பொண்ணப் பாப்பானா, உத்தரத்தப் பாப்பானா? சும்மா இரு லா."

அவள் சும்மா இருக்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். அவருடைய இரண்டாவது மகளின் கல்யாணத்தையே புது மண்டபத்தின் முதல் கல்யாணமாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒரு குத்தம் வந்துச்சுன்னா எனக்குப் பொறந்த வீடே கெடையாது, பாத்துக்குங்க."

"நான் இருக்கேன்ல?"

"அதான் பயமா இருக்கு."

முகூர்த்த நாள் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் வெந்துகொண்டிருந்தது, அழைப்பிதழ்களெல்லாம் விசிறிகளாயின. சேதுபதி மின்விசிறியைப் போடவில்லை. தாலி ஏறும் தருணத்தில் தேவலோகத்துத் தென்றலே இறங்குவதுபோல் இருக்க வேண்டுமென்று, காலையிலிருந்து சுவிட்சுப் பலகையருகே காவல் நின்றார். ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். சேதுபதி நான்கு சுவிட்சையும் ஒன்றாகத் தட்டினார்.

தென்றல் இறங்கியது. கூடவே காதர் மைதீனின் பழைய சரக்கும் இறங்கியது.

பெண்கள் வரிசையில் யாரோ ஒருத்தி முதல் தும்மலைப் போட்டாள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. தாலி முடியும் நேரத்தில் தும்மலா? அப்படி ஒன்று காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள்? நாயனக்காரர் அனுபவசாலி, அதை அமுக்கிவிட நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இழுத்திருக்கக் கூடாது. அடுத்து அந்த நாயனத்திலிருந்து வந்தது எந்த ராகத்திலும் சேராது. தவில்காரர் குச்சியைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். மேளம் நின்றது. அந்த அமைதியில் கல்யாணமே தும்மியது.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்தார். "அபசகுனம். தாலியக் கீழ வைக்கச் சொல்லுங்க."

கோவிந்தசாமி செக்கச் சிவந்த கண்களோடு சேதுபதியைத் தேடினார். இத்தனை காலம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் 'நானாயிருந்த' மனிதர் அப்போது எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மயிலுக்குப் பின்னால்.

பாக்கியலட்சுமி விசிறிகளை நிறுத்தினாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, அடுக்களையிலிருந்து பெரிய பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் பறித்துக்கொண்டு வந்து அடித்தாள். "ஏன் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கொட்டுங்க!" சீர்வரிசைத் தட்டு, செம்பு, சாம்பார் வாளி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை தூரம் தள்ளியிருந்த கேலாங்கில் நாய்கள் குரைத்தனவாம். அந்தச் சத்தத்தில் யார் தும்மினார், யார் தும்மவில்லை என்று தேவர்களுக்கே தெரிந்திருக்காது. மாப்பிள்ளையின் தாயார் வாயை அசைத்துக்கொண்டிருந்தார், என்ன சொன்னாரோ. கண்ணீர் வழிய வழிய மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார்.

முதல் பந்தியில் கோவிந்தசாமி உட்கார்ந்தார். சேதுபதி தாமே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தூணோரம் நின்ற பாக்கியலட்சுமி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி வடையைக் கிள்ளினார். முகர்ந்தார். கண்ணை மூடி ரசத்தை உறிஞ்சினார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். பிறகு, இத்தனை காலம் பேசாத வாயைத் திறந்தார்.

"குறையாச் சொல்லல மச்சான். நானா இருந்தா உத்தரத்த மொதல்ல கழுவியிருப்பேன்."

தூண் பக்கம் திரும்பினார். "தீபாவளிக்கு வந்துரு பாக்கியம். அந்தத் தாம்பாளத்தையும் எடுத்துட்டு வா."

மறுநாளே உத்தரம் கழுவப்பட்டது. சேதுபதி திருந்தினாரா? அடுத்த கல்யாணம் பேச வந்தவர்களிடம், "நம்ம மண்டபத்துல தாலி கட்டுறப்ப மாப்பிள்ளையே அழுவாரு லா, அவ்வளவு உருக்கம்" என்றார்.

ஆக, இது தொற்றும்; பாயசத்தோடு பரவுகிறது. இதைப் படிக்கும்போதே, "நானாயிருந்தால் விசிறியை முதல் நாளே சுற்றவிட்டுப் பார்த்திருப்பேன்" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அடுத்த கல்யாணத்தில் வடையைக் கிள்ளும்முன் உங்கள் விரலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததைப் பக்கத்து வீட்டுப் பூவம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அன்று பெண்கள் வரிசையில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் அவள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கோப்பியைக் குடித்து முடித்தாள்.

"குறையாச் சொல்லலக்கா. நானா இருந்தா, மொதல்ல தும்முனது நீங்கதான்னும் சேத்து எழுதியிருப்பேன்."