மோடக்காரர் எழுதிய ‘ஏனுங்க’

ஏற்காட்டுப் பனிமூட்டத்தைத் திட்டியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதற்காகக் கம்ப்யூட்டர் புரோகிராமே எழுதிய ஒரே மனிதர் எங்கள் மோடக்காரர்தான். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுகிறவர். கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு சேர்க்கும் மோடம் பெட்டியை, ஈரம் படக்கூடாதென்று ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டே ஊர் சுற்றுவார். தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பை. கிட்டே வந்தால் அந்தத் தொப்பைக்கு நான்கு மூலை இருக்கும். அவருடைய சொந்தப் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒண்டிக்கடையில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். ரூம் புக்கிங்குக்காக முதலாளி மோடமும் சேர்த்து வாங்கிவைத்த கம்ப்யூட்டரில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன். மோடக்காரர் வந்து நின்றார்.

“ஏனுங்க மேனேஜர், உங்க கம்ப்யூட்டர்ல ஒரு ஓரமா லினக்ஸ் போட்டுக்கட்டுங்களா? என்னோட பாக்கேஜைச் சோதிக்கோணும்.”

விசாரித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைப்பது. அதற்காக உலகத்தில் யார் யாரோ சேர்ந்து ஒரு கிடங்கு நடத்துகிறார்கள். அதில் புரோகிராம்கள் பாக்கேஜ் பாக்கேஜாக இருக்கும். பெயரைச் சொன்னால் அதுவே வந்து நம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்ளும். இவர் ஓர் அரட்டைப் புரோகிராம் எழுதி, ‘ஏனுங்க’ என்று பெயரும் வைத்துவிட்டார். மற்றதிலெல்லாம் லைன் அறுந்தால் அடித்தது போச்சு. ‘ஏனுங்க’ அதைப் பத்திரமாக வைத்திருந்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். பனி இறங்கினாலே போன் செத்துப்போகிற ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்?

“வித்தா நல்ல வெலை வருமுங்களா?”

“விக்கலீங்க. சும்மா குடுக்கறது.”

“சும்மா குடுக்கறதுக்கு எதுக்குங்க சோதனை?”

“அன்னதானச் சோத்துலயும் கல்லு இருக்கக் கூடாதில்லீங்களா?”

எனக்குத் தலை சுற்றியது. போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

லினக்ஸ் பிளாப்பிகளை வாங்கச் சேலத்துக்குப் போனார். திரும்பும்போது பஸ்ஸில் புது ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, பிளாப்பி அழிந்துபோகும் என்று அடிவாரத்திலேயே இறங்கிவிட்டார். பாட்டுப் போடாத பஸ்ஸுக்குக் காத்திருந்தாராம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பஸ் ஏது? டிபன் பாக்ஸில் பிளாப்பியோடு மலையை நடந்தே ஏறி வந்தார்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர், “என் கம்ப்யூட்டரில் ஓடவில்லை” என்று பாக்கேஜை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு தடவை தவறினால் அந்த வருஷக் கிடங்கில் சேர்க்கமாட்டார்களாம். மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

“எங்கூட்ல நொம்ப நல்லா ஓடுதுங்க. அந்தாளு கம்ப்யூட்டர்ல மட்டும் என்ன கேடுங்க?”

என் கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எப்போதோ தன் கம்ப்யூட்டரில் தானே கையால் போட்டுவைத்த ஒரு துணைப் புரோகிராம் இல்லாமல் ‘ஏனுங்க’ அசையாதாம். அது வேண்டும் என்று பாக்கேஜில் சொல்லவே மறந்திருக்கிறார்.

“எங்கூட்டுச் சாடியில உப்பு இருக்குதுன்னு, ஊருக்கெல்லாம் உப்பில்லாத சமையலைச் சொல்லிக் குடுத்திருக்கறனுங்க.”

ஒரு வரி சேர்த்தார். ஓடியது. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடைசிச் சோதனை. அவர் வெள்ளக்கடையில், நான் லாட்ஜில். “லைன் போனாலும் எந்திரிச்சுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரையில் ஆங்கில எழுத்தில் “சாப்ட்டீங்களா?” என்று வந்தது. ஒற்றை விரலால் “ஆச்சுங்க” என்று அடித்து முடிப்பதற்குள் பனி இறங்கியது. லைன் போச்சு. காத்திருப்பதா, எழுந்து போவதா? வெந்நீர் கேட்டு ரூம்காரர்கள் கத்தினார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன்.

பனி விலகி லைன் வந்தது. அவர் அடித்ததெல்லாம் மடமடவென்று திரையில் வந்து விழுந்தன.

“லைன் போயிருச்சுங்க.”

“ஏனுங்க, இருக்கீங்களா?”

“இங்க ஒண்ணுமே தெரியலீங்க. ஒரே பனி.”

“நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க.”

செத்த லைனில் அந்த மனிதர் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பாதியில் நின்ற “ஆச்சுங்க”வை அடித்து முடித்து அனுப்பினேன்.

பாக்கேஜைச் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். ‘ஏனுங்க’ என்றால் என்ன? மோடக்காரர் என்னிடம் ஓடிவந்தார்.

“என்னன்னு எழுதட்டுமுங்க?”

“கூப்புடறதுன்னு எழுதுங்க.”

“கூப்ட்டா பதில் சொல்றதும் அதானுங்களே?”

இரண்டு டீ குடித்துக் குழம்பி, கடைசியில் இப்படி எழுதினார்: பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது.

பிறகு எஸ்டேட் கைமாறி, அவர் மலையிறங்கிப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. இன்றைக்கும் பனி இறங்கிப் போன் செத்துப்போனால், ரிசீவரைக் கீழே வைப்பதற்குமுன் ஒரு தடவை “ஏனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.