சீனக் கட்டிலும் என் கிரகப்பிரவேசமும்

என் சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நான் கலந்துகொண்டது ஒரு ஓட்டை வழியாகத்தான். இதை இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி ரேவதி சொல்வாள். அவள் சொன்னால் நடித்தும் காட்டுவாள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நான் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். சேர்ந்தபோது துடைக்கிற வேலைதான். அங்கே ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்ட் உண்டு. பழைய சீன அரண்மனையிலிருந்து தூக்கி வந்ததுபோல வட்ட முதுகு நாற்காலிகள், சிவப்பு அரக்குப் பூசிய அலமாரி, அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளை வட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் ஒரு கட்டில். மூன்று பக்கமும் செதுக்கிய மரத்தடுப்பு, முதுகுப் பலகையின் நடுவே முழுநிலா மாதிரி ஒரு வட்டத் திறப்பு. டேபிள் காலியாகும்வரை விருந்தாளிகள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பத்து வருஷம் அந்தக் கட்டிலை நான் மெழுகு போட்டுத் துடைத்திருக்கிறேன். இண்டு இடுக்குத் தூசிக்குப் பழைய டூத் பிரஷ். ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஸ்டாஃப் உட்காரக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். அந்தச் சட்டத்தைக் காவல் காத்தவர் ரெஸ்டாரண்ட் மேனேஜர் ஸ்டெல்லா மேடம். அவருடைய தாத்தா சீனாவிலிருந்து வந்தவர். மேடம் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவர் தமிழில் திட்டினால் சிவாஜிநகர் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்.

அப்போதே மனசுக்குள் ஒரு சபதம் போட்டிருந்தேன். சொந்த வீடு வாங்கினால் இதே மாதிரி ஒரு கட்டில். அதில் முதலில் என் அம்மா உட்கார வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். சிவாஜிநகர் சந்து ஒன்றில் ஒரே அறை வாடகை வீட்டில் தரையில் படுத்தே எங்களை வளர்த்தாள்.

சந்தாபுராவில் வீடு வாங்கினோம். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம். (பெட்ரூம் என்று பில்டர் சொன்னார். நாங்களும் மறுத்துப் பேசவில்லை.) அம்மாவின் அறையில் கட்டில், ஹாலில் இரண்டு வட்ட முதுகு நாற்காலி, குட்டையாக ஒரு டீ மேஜை, சிவப்பு அலமாரி என்று நான் திட்டம் போட்டதும் ரேவதி கேட்டாள்.

"ஏங்க, இது வீடா, ஓட்டலா? வர்றவங்க கோபி மஞ்சூரியன் ஆர்டர் பண்ணிடப் போறாங்க."

அவளுக்கு ரசனை போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுகோடியில் மரப்பட்டறை வைத்திருக்கும் நயாஸ் பாயிடம் போனேன். போனில் படங்களைக் காட்டி ஒரு மணிநேரம் பாடம் எடுத்தேன். "பாய், இதுல ஒரு ஆணி இருக்கக் கூடாது, ஒரு ஸ்க்ரூ இருக்கக் கூடாது. சீனாவுல மரத்தை மரத்துலயே பூட்டுவாங்க. ஸ்க்ரூவோட வந்துச்சுன்னா லாரியோட திருப்பி அனுப்பிடுவேன்."

அவர் தாடியைத் தடவினார். "ஸ்க்ரூ இருந்தா கழட்டி மாட்டலாம் சார். ஈஸி."

"எனக்கு ஈஸி வேணாம் பாய். ஒரிஜினல் வேணும்."

"டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம் சார். பூட்டிப் பசை ஊத்தி மரமுளை அடிச்சிடுறேன். உங்க பேரன் காலத்துலயும் அசையாது."

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் அறையை அளந்தேன். நீளம், அகலம், ஜன்னல் உயரம், ஃபேனுக்கும் தரைக்கும் உள்ள தூரம், ஸ்விட்ச் போர்டு மறையுமா மறையாதா என்று எதையும் விடவில்லை. எட்டுப் பக்கம் குறிப்பு. அந்த அறைக்கு ஒரு வாசல் உண்டு, எந்தக் கட்டிலும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்ற சின்ன விஷயம் அந்த எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பூச்சு காயத் தாமதமானதால் கட்டில் கிரகப்பிரவேசத்தன்று காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. பார்த்ததும் அதை இரண்டு முறை சுற்றி வந்தேன். ஹோட்டல் கட்டிலைவிட அழகு. முதுகுப் பலகையில் கொடி கொடியாகச் செதுக்கு வேலை, நடுவில் தாம்பாளம் அளவுக்கு அந்த வட்டம். ஒன்பது மணிக்கு ஹோமம். அதற்குள் உள்ளே போட்டுவிடலாம் என்று நயாஸ் பாயும் அவருடைய ஆட்கள் இருவரும் தூக்கினார்கள். படுக்கை வசத்தில் நுழையவில்லை. நிமிர்த்தி நிறுத்தித் திருப்பினால் நுழையும் என்று ஒரு நிபுணர் சொன்னார். அந்த நிபுணர் நான்தான்.

பழைய அரைக்கால் டவுசரும் பனியனுமாக அறைக்குள் போய் நின்றுகொண்டு உத்தரவு போட ஆரம்பித்தேன். "கொஞ்சம் லெஃப்ட்... இன்னும்... தள்ளுங்க பாய், வருது, வருது!"

வந்தது. பாதி வந்தது. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். கட்டிலின் அடிப்பாகம் என் பக்கமும், முதுகுப் பலகை ஹால் பக்கமும், வாசலில் கச்சிதமாகச் செருகிக்கொண்டு நின்றது. தள்ளினார்கள், அசையவில்லை. இழுத்தார்கள், அசையவில்லை. நான் காலால் உதைத்தேன், கால்தான் வீங்கியது. ஜன்னலில் கிரில். வாசல் முழுக்க மரம். நடுவில், என் இடுப்பு உயரத்தில், அந்த வட்டம்.

"பாய், கழட்டிடுங்க!"

வட்டத்தின் வழியாக நயாஸ் பாயின் முகம் தெரிந்தது. அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. "கழட்ட ஸ்க்ரூ எங்க சார் இருக்கு?"

"அப்ப அறுத்துடுங்க."

"வேற ஆளைக் கூப்பிடுங்க சார். ரெண்டு மாசம் செஞ்ச கையால நான் அறுக்க மாட்டேன்."

உண்மையைச் சொன்னால், அவர் அறுத்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

அதற்குள் ஐயர் வந்துவிட்டார். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஹோட்டல் ஆட்கள் என்று ஹால் நிரம்பியது. நல்ல நேரம் போய்விடும் என்பதால் வாசலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ரேவதி வட்டத்தின் வழியாகப் பட்டு வேட்டியையும் சட்டையையும் சுருட்டித் தந்தாள். அம்மாவுக்கென்று பாத்ரூம் சேர்ந்த அறையை ஒதுக்கியிருந்ததால் குளித்தேன். (அந்த வீட்டில் நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.) பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முகம் சரியாக வட்டத்துக்கு வந்தது.

"எஜமானர் எங்கே?" என்றார் ஐயர்.

ரேவதி தலையைக் குனிந்துகொண்டு கையைக் காட்டினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். (சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.)

ஐயர் அனுபவசாலி. கேள்வி எதுவும் கேட்கவில்லை. தர்ப்பையை வட்டத்தின் வழியாக என் விரலில் போட்டார். ரேவதி பால் காய்ச்சினாள். பால் பொங்குவதை அவளுடைய அக்கா விலகி நின்றதால் பார்த்தேன். என் கழுத்துக்கும் ஒரு மாலை உள்ளே வந்தது, நெற்றிக்குக் குங்குமம் வந்தது. கடைசியில் ஐயர் கற்பூரத் தட்டோடு வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பினார். சிவப்புப் பூச்சு, கொடி வேலைப்பாடு, அதற்கு நடுவில் மாலையும் குங்குமமுமாக ஒரு முகம். பழக்க தோஷம், அவர் கை தானாக மேலே போனது. மணியடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹால் வெடித்துச் சிரித்தது. சரியாக அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா மேடம் உள்ளே வந்தார். அவர் வர வேண்டும், வந்து என் பர்னிச்சரைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்து, ஒரு மாசமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு முழுக்க மறந்துபோனது.

"சேகர், உள்ள என்ன பண்றீங்க?"

"பர்னிச்சர் செட் பண்ணிட்டிருக்கேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. கட்டிலை மேலும் கீழும் பார்த்தார். மூலைகளை விரலால் தடவினார்.

"சரியான சைனீஸா வந்திருக்கா மேடம்?" என்று வட்டத்திலிருந்து கேட்டேன்.

"என்னைக் கேட்டா? எங்க வீட்ல பிளைவுட் சோபா. கம்பெனி எழுதிக் குடுத்ததைத்தான் கஸ்டமர்கிட்ட ஒப்பிப்பேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். நம்ம ஓட்டல் கட்டில் கால் ஆடுச்சுன்னு ஒருதடவை ரிப்பேர் பண்ணாங்க. மூலைக்கு மூலை ஸ்க்ரூ, மேல பட்டி போட்டு மறைச்சிருக்கு. இதுல ஒண்ணுகூடக் காணோமே?"

நயாஸ் பாய் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அரை அடி உயர்ந்ததை நான் பார்த்தேன். நானும் டப்பாவின் மேல் நிமிர்ந்தேன். சிறையில் இருக்கிறவன் அவ்வளவு பெருமைப்படக் கூடாதுதான்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. கட்டிலை அறுப்பதா, வாசல் நிலையைப் பெயர்ப்பதா? மாமா ஒருவர் கட்டிலை அறுக்கச் சொன்னார். புது வீட்டில், நல்ல நாளில், நிலையில் கைவைக்கக் கூடாது என்றார். பலரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்தாள்.

"கட்டில யாரும் தொடாதீங்க. நிலையப் பேத்துடு பாய்."

"அத்தை, இன்னிக்கேவா?" என்றாள் ரேவதி.

"இன்னிக்கித்தான். வாடக வீட்ல ஒரு ஆணி அடிக்கிறதுக்கு நாப்பது வருசம் ஓனர்கிட்ட கேட்டுக்கினு நின்னேன். இது எம்புள்ள வீடு. எங்க வீட்ட நாங்க ஒடச்சிக்கிறோம், எவன் கேக்கிறது?"

யாரும் கேட்கவில்லை. நயாஸ் பாய் சுத்தியலை எடுத்தார். அரைமணி நேரத்தில் நிலை வந்தது, கூடவே கொஞ்சம் சுவரும் வந்தது. கட்டில் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே இறங்கியது. தலை முழுக்கச் சிமெண்ட் தூசியோடு நான் வெளியே வந்தபோது கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

அம்மா போய் கட்டிலில் உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையால் மரத்தைத் தட்டிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வாசல் இருந்த இடத்தில் ஸ்டெல்லா மேடம் நின்றிருந்தார். "நானும் உட்காரலாமா?" என்று கேட்டார்.

இருபது வருஷ சர்வீஸில் அவருக்கும் அந்த ஹோட்டல் கட்டிலில் உட்கார அனுமதி இருந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாம்மா, ஒக்காரு. நெறைய எடம் இருக்குது," என்று அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாசலுக்கு நாலு மாசம் வெறும் திரைச்சீலைதான். பிறகு நயாஸ் பாய் அகலமாக ஒரு நிலை செய்து வைத்தார். அதற்கும் ஸ்க்ரூ இல்லை. ஆனால் இந்தக் கதை எங்கள் கட்டடம் முழுக்கப் பரவி, எனக்கு ஒரு பதவியை வாங்கிக் கொடுத்துவிட்டது. யார் வீட்டுக்கு சோபா வந்தாலும், பீரோ வந்தாலும், நான் டேப்போடு போய் லிஃப்ட், படி, வாசல் எல்லாம் அளந்து சரி சொன்ன பிறகுதான் லாரியிலிருந்து இறக்க வேண்டும் என்று அசோசியேஷன் செக்ரெட்டரி சொல்லிவிட்டார். இதுவரை பதினொரு வீடு. ஒன்றுகூட மாட்டிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கதவைத் தட்டினாள். கீழே அவளுடைய டைனிங் டேபிள் காத்திருக்கிறதாம். பாத்ரூமுக்குள் எனக்கே கேட்கும்படி அம்மா அவளிடம் சொன்னாள்:

"செத்த இரும்மா. சாமி குளிச்சிக்கினு இருக்குது, இப்ப வந்துரும்."